பழுப்பு உறையில் வரும் கடிதம்

தம்பி, நீர் கேட்டது இது: வேலை விசா கிடைத்துவிட்டது, மனைவியோடும் மூன்று வயது மகளோடும் அடுத்த மாதம் லண்டன் வருகிறீர். பார்த்து வைத்திருக்கும் வீட்டுக்கு வாடகை தவிரக் கவுன்சில் வரி மாதம் 170 பவுண் வரும் என்கிறார்கள். இவ்வளவு காசு வாங்கிக் கவுன்சில், அதாவது இங்கத்தைய உள்ளூராட்சி சபை, என்ன செய்கிறது, உம்முடைய மாமா சொன்னதுபோல இலவச ஆங்கில வகுப்பும் குழந்தைகள் நிலையமும் கடிதங்களுக்கு உதவும் அலுவலகமும் உண்டா என்று கேட்டிருக்கிறீர். எந்த சிம் எடுக்கலாம், குளிர் உடுப்பை ஊரில் வாங்குவதா இங்கே வாங்குவதா என்பதும் கேள்வியில் இருக்கிறது. அதை யாரும் சொல்வார்கள். உடுப்பை இங்கே வாங்கும், அவ்வளவுதான். நான் கவுன்சிலைப் பற்றிச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

உம்முடைய மாமா பொய் சொல்லவில்லை. அவர் வந்த காலத்தில் அதெல்லாம் இருந்தது. அவர் வேலை பிடித்து, வீடு வாங்கி, அந்த அலுவலகங்களின் படிகளில் ஏற வேண்டிய தேவை இல்லாமல் போன பிறகு ஒவ்வொன்றாக மூடினார்கள். மூடியது அவருக்குத் தெரியாது. இங்கே வந்து 20, 25 வருடமான எங்கள் ஆட்களிடம் யோசனை கேட்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளும். தாங்கள் வந்த நாட்டைத்தான் அவர்கள் உமக்குச் சொல்வார்கள். நீர் வரப்போகும் நாடு வேறு.

நான் இறங்கியது 2000 ஒக்டோபரில். அகதி விண்ணப்பம் போட்டவர்களுக்கு அந்த வருடம் ஏப்ரலில் இருந்து காசுக்குப் பதிலாக வவுச்சர் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். வளர்ந்த ஒருவருக்கு வாரம் 36 பவுண் சொச்சம், அதில் 10 பவுணை மட்டும் காசாக மாற்றலாம். கடையில் வவுச்சரைக் கொடுத்தால் மீதி தரமாட்டார்கள். 4 பவுண் 60க்குச் சாமான் எடுத்து 5 பவுண் வவுச்சரை நீட்டினால் 40 பென்ஸ் போனதுதான். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இன்னும் இரண்டு வாழைப்பழம் சேர்த்தால் சரியாக வருமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த நிற்றலை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

வீட்டில் ஏழு பேர். பகலில் ஹீட்டர் போட வீட்டுக்காரர் விடமாட்டார். வேலை செய்ய எனக்கு அனுமதி இல்லை. காலை ஒன்பதரைக்கு நூலகம் திறக்கும், நான் ஒன்பதேகாலுக்கே வாசலில் நிற்பேன். சூடாக இருக்கும், கழிப்பறை இருக்கும், யாரும் எழுந்து போ என்று சொல்லமாட்டார்கள். உள்ளே தமிழ்ப் புத்தகங்கள் இரண்டு தட்டு நிறைய இருந்தன. அதைக் கண்ட அன்று நான் ஒரு புத்தகமும் எடுக்கவில்லை, முதுகுகளைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே வேலை செய்த கரீபியன் அம்மா ஒருவர், மூன்றாம் வாரம் என்று நினைக்கிறேன், என் முன்னால் ஒரு தாளை வைத்துத் தேதியைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார். மாலைநேர ஆங்கில வகுப்பு. அந்த வகுப்புக்கு நான் ஒரு பென்னி கட்டவில்லை. இன்றைக்கு நான் இங்கே பேசுகிற ஆங்கிலத்துக்கு அடிக்கல் அந்தத் தாள்.

இப்போது உமக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். 2003இல் எனக்கு விசா சரிவந்து, மனைவி வந்து, தனி வீடு எடுத்தோம். பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை. பழுப்பு உறையில் கடிதங்கள் வரும். வரி வீட்டுக்காரருடைய பொறுப்பு என்று யாரோ சொன்னதை நம்பி எல்லாவற்றையும் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். ஒரு நாள் காலை வேலை முடிந்து வந்து படுத்திருக்கும்போது கதவில் தட்டல். இரண்டு பேர். நீதிமன்ற உத்தரவு இருக்கிறது, காசு கட்டாவிட்டால் காரைக் கொண்டுபோவோம் என்றார்கள். மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. சீருடை போட்ட ஆட்கள் கதவில் தட்டினால் எங்களுக்கு என்ன நினைவுக்கு வரும் என்று உமக்குச் சொல்லத் தேவையில்லை.

அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது கடைத்தெருவில் மாடியில் இரண்டு அறையில் இருந்த ஆலோசனை நிலையம். கவுன்சில் கொடுக்கும் மானியத்தில் நடந்தது. அங்கே இருந்த குஜராத்திப் பெண் நான் கொண்டுபோன பையைக் கவிழ்த்து, கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கி, தொலைபேசியை எடுத்து முக்கால் மணி நேரம் கதைத்தார். வசூல்காரரிடம் இருந்து கோப்பு கவுன்சிலுக்குத் திரும்பியது. மாதம் 40 பவுண் கட்டி முடிக்கலாம் என்று வந்தது. வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். அந்த நிலையம் 2012இல் மூடப்பட்டது. மானியம் நின்றுவிட்டது என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். இன்றைக்கு உமக்கு அதே நிலை வந்தால் ஏறிப்போக அந்தப் படி இல்லை தம்பி. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்றால், 2010இல் கூட்டணி அரசு வந்து, ஜோர்ஜ் ஒஸ்போர்ன் நிதியமைச்சரானார். சிக்கனம் என்று சொல்லி மத்திய அரசு கவுன்சில்களுக்குக் கொடுக்கும் பணத்தில் கைவைத்தார்கள். 2010–11க்கும் 2017–18க்கும் இடையில், விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பணம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று இந்த நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகமே எழுதியது. முதியோர் பராமரிப்பு, ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பாதுகாப்பது, வீடில்லாத குடும்பங்களுக்கு இடம் கொடுப்பது எல்லாம் சட்டப்படி செய்தே ஆக வேண்டியவை. அவற்றின் செலவு வருடா வருடம் கூடுகிறது. அப்படியென்றால் வெட்டு எங்கே விழும்? இளைஞர் மன்றத்தில், குழந்தைகள் நிலையத்தில், ஆலோசனை அலுவலகத்தில், சங்கங்களுக்குக் கொடுக்கும் சின்னச் சின்ன மானியத்தில். நூலகம் நடத்த வேண்டும் என்று 1964ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, எத்தனை நூலகம் என்று சொல்லவில்லை. வெம்பிளி இருக்கும் பிரெண்ட் கவுன்சிலில் 12 நூலகம் இருந்தது. 2011 ஒக்டோபரில் ஆறை மூடினார்கள். அதில் கென்சல் ரைஸ் நூலகம் 1900இல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் வந்து திறந்து வைத்தது. அடுத்த வருடம் மே மாதம் விடியும் முன்னே ஆட்கள் வந்து அங்கிருந்த புத்தகங்களை எடுத்துப் போனார்கள். தமிழர் நிறைய வாழும் பக்கத்தில் இருந்த பார்ஹாம், பிரஸ்டன் நூலகங்களும் அந்த ஆறில் உண்டு. ஊர்ச்சனம் விடவில்லை. பிறகு தொண்டர்களாக நின்று தாங்களே நடத்தினார்கள். அந்த ஆட்களுக்கு நான் தலை வணங்குகிறேன்.

யாழ்ப்பாண நூலகம் எரிந்ததோடு இதை ஒப்பிட்டு இங்கே சிலர் மேடையில் பேசினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. 1981இல் என் அண்ணா அடுத்த நாள் காலை போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை. அது எங்களை அழிக்க வைத்த தீ. இது காசில்லை என்று போட்ட பூட்டு. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுக்கும் நியாயம் செய்ய முடியாது. பூட்டைத் திறக்கலாம், கேட்டுப் போராடலாம். இங்கே அந்த உரிமை இருக்கிறது என்பதை வந்த முதல் வருடமே தெரிந்துகொள்ளும்.

ஆனால் எங்கள் ஆட்கள் கேட்கப் போவதில்லை. இது என் மனதில் கிடக்கிற பழைய புண். ஒவ்வொரு வருடமும் பெப்ரவரியில் வரவுசெலவுத் திட்டம் கவுன்சில் கூட்டத்துக்கு வரும், மார்ச் 11க்குள் வரியை முடிவு செய்தாக வேண்டும். அதற்கு முன் பொதுமக்கள் கருத்தைக் கேட்பார்கள். நான் 2011இல் இருந்து போகிறேன். முதல் கூட்டத்தில் எழுந்து மூன்று நிமிடம் பேசினேன், கால் நடுங்கியது. இப்போது அந்த நூற்றுச் சொச்சப் பக்க அறிக்கையை வரி வரியாக வாசித்து எங்கே என்ன குறைக்கிறார்கள் என்று சொல்ல எனக்குத் தெரியும். மண்டபத்தில் தமிழர் மூன்று பேரைக் கண்டால் பெரிய விஷயம். கேட்டால், எங்களுக்குக் கோயில் இருக்கிறது, தமிழ்ப் பள்ளி இருக்கிறது, கவுன்சில் எதற்கு என்பார்கள். பிள்ளைக்கு டியூஷனுக்கு மணிக்கு 25 பவுண் கொடுப்பவர், தெரு முனையில் நூலகம் மூடும்போது ஒரு கையெழுத்துப் போட நேரமில்லை என்றார். அவரே 1999இல் என்னைப்போல அந்த நூலகத்தில் சூடு காய்ந்தவர்.

அம்மாவை 2006இல் கூப்பிட்டேன். செவ்வாயும் வியாழனும் தமிழ் முதியோர் கூடல் ஒன்று இருந்தது. மண்டப வாடகையும் மினிபஸ்ஸும் கவுன்சில் மானியத்தில். பத்து மணிக்கு வாகனம் வாசலுக்கு வரும். அம்மா ஒன்பது மணிக்கே சேலை கட்டி, பொட்டு வைத்து, கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மதியம் சோறு, பருப்பு, ஒரு கறி. தாயம் விளையாடுவார்கள், ஊர்ப்புதினம் கதைப்பார்கள். முதலில் மினிபஸ் நின்றது. பிறகு ஒரு நாளாகக் குறைந்தது. பிறகு மண்டப வாடகை கட்ட முடியாமல் கூடலே நின்றது. அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் அம்மா செவ்வாய்க்கிழமை கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நிலைமை இன்னும் மோசமாகிய இடங்களும் உண்டு. தமிழர் நிறைந்த குரொய்டனில் 2020 நவம்பரில் 114 நோட்டீஸ் என்ற அறிவிப்பு வந்தது. வருமானத்தில் செலவைச் சமாளிக்க முடியாது, சட்டப்படி கட்டாயமானதைத் தவிரப் புதுச் செலவு நிறுத்தம் என்று அர்த்தம். 2023இல் அங்கே வரி 15 சதவீதம் ஏறியது. வழக்கமாக 5 சதவீதத்துக்குக் கிட்டத்தான் ஏற்றலாம். அதே 2023 செப்டெம்பரில் பர்மிங்ஹாம் கவுன்சிலும் 114 நோட்டீஸ் விட்டது. 2025இல் அங்கே குப்பைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் தெருவெல்லாம் பை குவிந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர். வீடு பார்க்கும்போது வாடகையை மட்டும் பார்க்காமல், அந்தக் கவுன்சில் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை தேடிப் பாரும்.

சரி, உம்முடைய விஷயம். முழு வீட்டையும் உம்முடைய பெயரில் எழுதி எடுத்தால் வரி உம்முடைய பொறுப்பு. வீட்டுக்காரர் அறை அறையாக வெவ்வேறு ஆட்களுக்கு விட்டிருந்தால் அவர் பொறுப்பு. வரி 1991 ஏப்ரலில் அந்த வீடு என்ன விலை போயிருக்கும் என்ற மதிப்பை வைத்துப் போடுவது, ஏ முதல் எச் வரை பிரிவு உண்டு. சாதாரணமாகப் பத்து மாதத் தவணை, பன்னிரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் வரும், ஏழு நாளுக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் தவணை உரிமை போய், வருடத்து மீதி முழுவதும் ஒரேயடியாகக் கேட்பார்கள். அதற்கு அடுத்தது நீதிமன்றம். காசு இல்லாவிட்டால் முதல் நினைவூட்டலிலேயே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லும். முன்கூட்டிச் சொல்பவரோடு பெரும்பாலும் கதைப்பார்கள்.

உம்முடைய விசாவில் பொதுநிதி உதவி பெறக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும். வருமானம் குறைந்தவர்களுக்கான கவுன்சில் வரிக் குறைப்பும் அந்தப் பொதுநிதியில் சேரும். எல்லோரும் எடுக்கிறார்கள், நீயும் போடு என்று கோயில் வாசலில் யாராவது சொன்னால் கேட்காதேயும். விசாவுக்கே வினையாகும். பள்ளிக்கூடம் அதில் சேராது, நூலகம் சேராது. மகளுக்கு மூன்று வயது முடிந்த அடுத்த பள்ளித் தவணையில் இருந்து வாரம் 15 மணி நேரம், வருடத்தில் 38 வாரம், இலவச நேர்சரி உண்டு. அது எல்லாப் பிள்ளைக்கும் பொது, வந்ததும் விண்ணப்பியும். மாமா சொன்ன குழந்தைகள் நிலையம் ஷுவர் ஸ்டார்ட். 2010இல் நாடு முழுவதும் 3,500க்கு மேல் இருந்தவை, பிறகு ஏராளமாக மூடினார்கள். மிச்சம் சில இடத்தில் ஃபமிலி ஹப் என்ற பெயரில் இருக்கிறது. மனைவிக்கு ஆங்கில வகுப்பு: அரசு காசில் படிக்கப் பொதுவாக மூன்று வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும். அதுவரை நூலகத்திலோ தேவாலய மண்டபத்திலோ தொண்டர்கள் நடத்தும் பேச்சுக் குழுவுக்கு அனுப்பும். வெட்கப்பட்டு வீட்டில் இருக்க விடாதேயும்.

வந்த முதல் வாரமே மூவரும் நூலக அட்டை எடுங்கள், இலவசம். நான் சூடு காய்ந்த நூலகம் இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் திறக்கிறது, சனிக்கிழமைகளில் தொண்டர்களில் ஒருவனாக நானும் நிற்கிறேன். தமிழ்ப் புத்தகம் இரண்டு தட்டு இருந்த இடத்தில் அரைத் தட்டு இருக்கிறது. பழுப்பு உறையில் கடிதம் வந்தால் திறந்து, விளங்காவிட்டால் படம் எடுத்து எனக்கு அனுப்பும். இரவு வேலை இல்லாத நாளில் அன்றைக்கே பார்த்துச் சொல்வேன்.