மவுஸ் வேலை செய்யும் போர்ட்டில் பென்டிரைவ் ஏன் தெரிவதில்லை?

கேள்வியின் சுருக்கம் இதுதான். மன்னார்குடியிலிருந்து எழுதும் நண்பரின் மடிக்கணினியில் லினக்ஸ் மட்டுமே இருக்கிறது. பென்டிரைவைச் செருகினாலும் வெளி ஹார்ட் டிஸ்கைச் செருகினாலும் கோப்பு மேலாளரில் எதுவும் தோன்றுவதில்லை. அதே போர்ட்டில் மவுஸ் ஒழுங்காக வேலை செய்கிறது. அதே பென்டிரைவை ஜெராக்ஸ் கடையின் விண்டோஸ் கணினி உடனே எடுத்துக்கொள்கிறது. லினக்ஸை அழித்துவிட்டு விண்டோஸ் போட்டுக்கொள்ளுமாறு கடையில் சொல்லிவிட்டார்களாம்.

அழிக்க வேண்டாம். கும்பகோணத்தில் திருமணப் பத்திரிகை வடிவமைக்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். கடைக் கணினியில் டெபியனும் என் மடிக்கணினியில் ஆர்ச் லினக்ஸும் (இரண்டுமே லினக்ஸின் வகைகள்) பல ஆண்டுகளாக ஓடுகின்றன. முகூர்த்த மாதங்களில் ஊர் ஊராக வரும் பென்டிரைவ்களைச் செருகிச் செருகியே பொழுது போகிறது என்பதால், இந்தக் கோளாற்றின் பல முகங்களை நேரில் கண்டிருக்கிறேன்.

‘தெரியவில்லை’ என்ற ஒரு சொல்லுக்குள் ஏழெட்டு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. கடைமடை வயலில் தண்ணீர் ஏறவில்லை என்றால் நாம் உடனே மேட்டூர் அணையைக் குறை சொல்வதில்லை. வாய்க்கால் கரையோடு மேலே நடந்து, எந்த மதகு வரை தண்ணீர் வந்திருக்கிறது, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பாமணியாற்றுக்குத் திறந்திருக்கிறார்களா என்றுதான் பார்க்கிறோம். கோப்பு மேலாளர் என்பது கடைமடை. அதற்கு மேலே, போர்ட்டில் மின்சாரம் வர வேண்டும். போர்ட்டை நிர்வகிக்கும் கண்ட்ரோலர், செருகிய சாதனத்திடம் அடையாளம் கேட்டுப் பதில் பெற வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், அந்தச் சாதனத்தை இயக்கும் நிரலை, அதாவது டிரைவரை, அதனோடு சேர்க்க வேண்டும். அது எஸ்டிஏ, எஸ்டிபி என்பது போன்ற வட்டுப் பெயரைப் பெற வேண்டும். பார்ட்டிஷனும் (வட்டின் பிரிவு) கோப்பு முறைமையும் (அதில் கோப்புகளை அடுக்கியிருக்கும் முறை) படிக்கப்பட வேண்டும். கடைசியில்தான் மவுண்ட் ஆகும், அதாவது நாம் திறந்து பயன்படுத்தக் கிடைக்கும். எந்த இடத்தில் அறுந்தது என்று தெரியாமல் செய்யும் வைத்தியம் எல்லாம் குருட்டு வைத்தியம்.

அந்த இடத்தைக் காட்டுவது கர்னலின் பதிவு. கட்டளை அடிக்கும் சாளரமான டெர்மினலைத் திறந்து, நிர்வாகி உரிமை தரும் ‘சுடோ’ என்பதோடு டி-எம்-இ-எஸ்-ஜி என்ற கட்டளையை, கழித்தல் குறியும் டபிள்யூ எழுத்தும் சேர்த்து அடியுங்கள். (கட்டளைகளை எழுத்து எழுத்தாகத் தருகிறேன், அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளாக, இடையில் கோடு இன்றிச் சேர்த்து அடிக்கவும். கழித்தல் குறிக்கு முன் மட்டும் ஓர் இடைவெளி விடவும்.) இப்போது பென்டிரைவைச் செருகினால், எல்லாம் சரியாக இருக்கும் கணினியில் ‘நியூ ஹை-ஸ்பீட் யுஎஸ்பி டிவைஸ்’ என்று ஒரு வரியும், சாதனத்தின் தயாரிப்பு எண்களும், ‘யுஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ் டிவைஸ் டிடெக்டட்’ என்ற வரியும், ஓரிரு வினாடி கழித்து எஸ்டிபி, எஸ்டிபி1 போன்ற வட்டுப் பெயர்களும் அடுத்தடுத்து வரும். எந்த வரியோடு நின்றுவிட்டது என்பதே விடையில் பாதி.

உங்கள் விஷயத்தில் மவுஸ் வேலை செய்வது நல்ல தடயம். பென்டிரைவ் செருகியதும் முதல் வரியும் தயாரிப்பு எண்களும் வந்து, ‘மாஸ் ஸ்டோரேஜ்’ வரி மட்டும் வராமல் நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன். எல்-எஸ்-யு-எஸ்-பி கட்டளையுடன் கழித்தல் குறியும் டி எழுத்தும் (‘ட்ரீ’ என்பதன் முதல் எழுத்து) சேர்த்து அடித்தால் சாதனங்கள் கிளை கிளையாகத் தெரியும். பென்டிரைவுக்கு உரிய வரியில் டிரைவர் என்ற இடம் காலியாக இருந்தால் சந்தேகம் உறுதி.

காரணம் என்னவென்றால், லினக்ஸ் கர்னல் எல்லா டிரைவர்களையும் எப்போதும் நினைவகத்தில் வைத்திருப்பதில்லை. தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் தனித் துண்டுகளாக, அதாவது மாட்யூல்களாக, பலவற்றை வட்டில் வைத்திருக்கிறது. மவுஸுக்கான மாட்யூல் கணினி தொடங்கும்போதே ஏறிவிடுகிறது. யுஎஸ்பி-ஸ்டோரேஜ் என்ற மாட்யூலோ, முதல் பென்டிரைவ் செருகப்படும் நேரத்தில்தான் வட்டிலிருந்து தேடி எடுக்கப்படுகிறது. அந்தத் தேடல் நடக்கும் கோப்புறையின் பெயரில் கர்னலின் பதிப்பு எண் இருக்கும். ஆர்ச், மஞ்சாரோ போன்ற லினக்ஸ் வகைகளில் கர்னலைப் புதுப்பித்தால் பழைய பதிப்பின் கோப்புறை நீக்கப்பட்டு, புதியது வந்து உட்கார்ந்துவிடும். ஆனால் ரீபூட் செய்யும் வரை ஓடிக்கொண்டிருப்பது பழைய கர்னல்தான். அது தன் பெயரிலுள்ள கோப்புறையைத் தேடும்போது அங்கே ஒன்றும் இருக்காது. ஏற்கெனவே ஏறியிருந்த மவுஸ் ஓடும். இனிமேல் ஏற வேண்டிய பென்டிரைவ் ஓடாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு தை மாதத்தில், மணப்பெண்ணின் படங்கள் இருந்த பென்டிரைவோடு பாபநாசத்திலிருந்து ஓர் அக்கா வந்து எதிரே அமர்ந்திருக்க, என் மடிக்கணினி அதை எடுக்கவே இல்லை. போர்ட்டை மாற்றினேன், ஊதினேன், வேறு மூன்று பென்டிரைவ்களைச் செருகினேன், போர்ட்டுகள் எல்லாம் போய்விட்டன என்றே முடிவு கட்டினேன். “தம்பி, வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லட்டுமா?” என்று அவர் கேட்டபோது, அச்சுக்குப் போகும் படத்தை அப்படிச் சுருக்கி வாங்கக் கூடாதே என்ற கவலை வேறு. மின்வெட்டுக்குப் பழகிய கை, மடிக்கணினியை அணைக்காமல் மூடி மூடி வைத்து மூன்று வாரமாக ரீபூட் செய்யாமலே ஓட்டியிருந்தது. இடையில் இரண்டு முறை அப்டேட் போட்டிருந்தேன். மாட்யூலைக் கையால் ஏற்றுவதற்கான ‘சுடோ மாட்ப்ரோப் யுஎஸ்பி-ஸ்டோரேஜ்’ என்ற கட்டளையை அடித்த பிறகுதான், மாட்யூல் அந்தக் கோப்புறையில் இல்லை என்ற செய்தி வந்து உண்மையைச் சொன்னது. ரீபூட் செய்ததும் பென்டிரைவ் வந்துவிட்டது. பழைய மாட்யூல்களை அடுத்த ரீபூட் வரை பாதுகாக்கும் ‘கர்னல்-மாட்யூல்ஸ்-ஹுக்’ என்ற தொகுப்பை அன்றே நிறுவினேன்.

நீங்களும் ‘யூநேம்’ கட்டளையைக் கழித்தல் குறி, ஆர் எழுத்துடன் அடித்து வரும் பதிப்பு எண்ணையும், லிப் கோப்புறைக்குள் உள்ள மாட்யூல்ஸ் கோப்புறையில் இருக்கும் பெயர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓடும் பதிப்பின் பெயர் அங்கே இல்லை என்றால் ரீபூட் ஒன்றே மருந்து. மூடியைச் சாத்தித் திறப்பது ரீபூட் ஆகாது என்பதை என் அனுபவத்தில் சொல்கிறேன்.

டெபியன், உபுண்டு, மின்ட் ஆகியவை பழைய கர்னலையும் உடன் வைத்திருப்பதால் அங்கே இது அரிது. ரீபூட்டுக்குப் பிறகும் டிரைவர் ஏறவில்லை என்றால், யாரேனும் வேண்டுமென்றே தடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அலுவலகங்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் பென்டிரைவைத் தடுப்பதற்காக, இடிசி கோப்புறைக்குள் இருக்கும் ‘மாட்ப்ரோப் புள்ளி டி’ என்ற கோப்புறையில் யுஎஸ்பி-ஸ்டோரேஜை ‘பிளாக்லிஸ்ட்’ செய்து (தடைப் பட்டியலில் சேர்த்து) ஒரு கோப்பு வைப்பார்கள். வெறும் பிளாக்லிஸ்ட் என்றால் தானாக ஏறுவது மட்டும் தடைபடும், மாட்ப்ரோப் மூலம் கையால் ஏற்றலாம். ‘இன்ஸ்டால்’ என்று தொடங்கிப் ‘பின் ஃபால்ஸ்’ என்று முடியும் வரி இருந்தால் கையாலும் ஏறாது. தேடும்போது யுஎஸ்பிக்கும் ஸ்டோரேஜுக்கும் நடுவே சிறுகோடு, அடிக்கோடு ஆகிய இரண்டு வடிவத்திலும் தேடுங்கள். ஒன்றை மட்டும் தேடி ஏமாந்தவன் நான். ‘யுஎஸ்பி-கார்ட்’ என்ற காவல் நிரல் நிறுவப்பட்டிருந்தாலும் அறிகுறி ஏறக்குறைய இதேதான்: பழகிய மவுஸை விடும், புதிய பென்டிரைவை நிறுத்தும். மடிக்கணினி இன்னும் அலுவலகத்தின் சொத்து என்றால், தடையை எடுப்பதற்கு முன் கேட்டுவிடுவதே முறை.

வெளி ஹார்ட் டிஸ்க் தனி விஷயம். பென்டிரைவ் சரியான பிறகும் அது வராமல் போக வாய்ப்பு உண்டு, ஏனெனில் அதற்குள் சுழலும் தட்டு இருக்கிறது; சுழலத் தொடங்கும் கணத்தில்தான் அது அதிக மின்சாரம் கேட்கும். யுஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டிய அளவு 500 மில்லியாம்பியர், 3.0 போர்ட்டுக்கு 900. பழைய போர்ட்டிலோ, தனி மின் இணைப்பு இல்லாத ஹப்பிலோ, நீண்ட மலிவான கேபிளிலோ செருகினால் வட்டு ‘டிக் டிக்’ என்று முயன்று முயன்று நின்றுவிடும். அந்த நேரத்துப் பதிவில் ‘எரர் கழித்தல் 71’ அல்லது ‘110’ என்ற எண்கள் தென்படும். முதலாவது, பேச்சு நடந்தும் பதில் சிதைந்து வந்தது என்பதற்கு. இரண்டாவது, பதிலே வராமல் நேரம் கடந்தது என்பதற்கு. இரண்டுக்குமே முதலில் மாற்ற வேண்டியது கேபிள். சில கேபிள்களில் சார்ஜுக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும், தகவல் கம்பிகள் இருக்கவே இருக்காது; அதில் செருகினால் விளக்கு எரியும், பதிவில் ஒரு வரிகூட வராது.

நீல நிற போர்ட்டில் இன்னொரு நுணுக்கம் உண்டு. யுஎஸ்பி 3.0 இணைப்பில் பழைய நான்கு தொடுமுனைகளோடு மேலும் ஐந்து இருக்கின்றன. மவுஸ் அந்தப் பழைய நான்கை மட்டுமே பயன்படுத்துகிறது. ஆகவே மவுஸ் ஓடுவதால் போர்ட் முழுவதும் நலம் என்று சொல்லிவிட முடியாது. அறுவடைக் காலத்து நெல் தூசியும், வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து உப்புக் காற்றும் அந்த மெல்லிய முனைகளை எளிதில் கெடுக்கும். சோதிக்க ஒரு சுருக்கு வழி: பழைய யுஎஸ்பி 2.0 நீட்டிப்பு கேபிள் ஒன்றை நடுவில் வைத்துப் பென்டிரைவைச் செருகுங்கள். அப்போது வேகம் குறைந்து சாதனம் தெரிந்தால் கோளாறு அந்த ஐந்து முனைகளில். கணினியை அணைத்துவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய தூரிகையால் துடைத்து, நன்றாக உலரவிட்ட பிறகு பாருங்கள். வாயால் ஊதுவது ஈரத்தையும் சேர்த்து உள்ளே அனுப்புவதுதான்.

சில ஹார்ட் டிஸ்க் உறைகள் தெரிந்த சில நொடிகளில் மறைந்துவிடும். பதிவில் ‘யுஏஎஸ்’ என்ற பெயருடன் பிழை வரிகள் குவியும். யுஏஎஸ் என்பது வேகமான புதிய தகவல் முறை. அதைச் சரியாகக் கையாளாத இணைப்புச் சிப்புகள் சந்தையில் உண்டு. அந்தச் சாதனத்தின் இரண்டு தயாரிப்பு எண்களையும் குறித்து, கர்னல் தொடக்க வரியில் யுஎஸ்பி-ஸ்டோரேஜின் ‘குவர்க்ஸ்’ அமைப்பாக அவற்றை முக்காற்புள்ளி இட்டு எழுதி, கடைசியில் யு என்ற எழுத்தைச் சேர்த்தால், லினக்ஸ் பழைய முறையிலேயே பேசும். வேகம் கொஞ்சம் குறையும். பேட்டரியைச் சேமிக்கும் டி-எல்-பி நிரலும் மவுஸ், கீபோர்டை விட்டுவிட்டு மற்ற சாதனங்களை உறங்க வைக்கும். அது இருந்தால் ஒரு நாள் நிறுத்திவைத்துச் சோதித்தால் போதும்.

வட்டின் பெயர் வந்தும் உள்ளே திறக்கவில்லை என்றால் கதை வேறு. எல்-எஸ்-பி-எல்-கே கட்டளையைக் கழித்தல் குறி, எஃப் எழுத்துடன் அடித்துக் கோப்பு முறைமையைப் பாருங்கள். கல்யாண வீடியோக்காரர்கள் தரும் பென்டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமையில் இருக்கும், ஏனெனில் பழைய முறைமையான ஃபேட்32 ஒரு கோப்பை 4 ஜிபிக்கு மேல் ஏற்காது. எக்ஸ்ஃபேட்டுக்கான இப்போதைய டிரைவர் கர்னலில் சேர்ந்தது 2020இல், 5.7 பதிப்பில். 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குத் தந்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் வந்த பாஸ் லினக்ஸ் போன்ற பழைய அமைப்புகளை இன்னும் வைத்திருப்பவர்கள் ‘எக்ஸ்ஃபேட்-ஃபியூஸ்’ என்ற தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் உள்ள வட்டு மவுண்ட் ஆக மறுத்து, ‘டர்ட்டி’ என்று பதிவு காட்டினால், விண்டோஸில் அதை முறையாக வெளியேற்றாமல் பிடுங்கியிருக்கிறார்கள் என்று பொருள். அதே ஜெராக்ஸ் கடையில் செருகி ‘செக் டிஸ்க்’ ஓட்டி, முறைப்படி வெளியேற்றிக் கொண்டுவருவதுதான் பாதுகாப்பானது. லினக்ஸிலிருந்து கட்டாயப்படுத்தித் திறப்பதை நான் செய்வதில்லை.

எல்-எஸ்-யு-எஸ்-பி பட்டியலில் பெயர் இருந்தும் எல்-எஸ்-பி-எல்-கே பட்டியலில் இல்லாமல் போவதும் உண்டு. அளவு பூஜ்யமாக இருக்கும் வட்டுகளை அந்தக் கட்டளை இயல்பாகவே மறைத்துவிடும். கழித்தல் குறியும் ஏ எழுத்தும் சேர்த்தால் காட்டும். பூஜ்யம் என்று வந்தால் உள்ளிருக்கும் சிப் போய்விட்டது, மென்பொருளால் ஆவது அதிகம் இல்லை. அளவு சரியாகத் தெரிந்து, படிக்கும்போது மட்டும் பிழை வந்தால், ஃபார்மட் செய்யாமல், டெபியன் வகைகளில் ‘ஜிடிடி-ரெஸ்க்யூ’ என்ற பெயரில் கிடைக்கும் நிரலால் முழுப் பிரதியை வேறு வட்டில் எடுத்து, அந்தப் பிரதியில் மீட்பு வேலையைச் செய்யுங்கள்.

உங்கள் பென்டிரைவ் கடையில் திறந்திருப்பதால் அதைப் பற்றிக் கவலை இல்லை. ஹார்ட் டிஸ்கை வேறு கணினியில் செருகிப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. ரீபூட்டுக்குப் பின் பென்டிரைவ் வந்து அது மட்டும் வராமல் போனால், பதிவில் வருவது 71ஆ 110ஆ என்பதையும், சத்தம் கேட்கிறதா என்பதையும், கேபிள் எவ்வளவு நீளம் என்பதையும் எழுதுங்கள்.