புகை அடித்தும் ஏடிஸ் ஏன் ஒழியவில்லை?

வணக்கம். உங்கள் பினாங்கு ஜார்ஜ்டவுன் கடைவீட்டில் இரண்டு முறை புகை அடித்தும், டிங்கி காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு குறையவில்லை என்கிறீர்கள். புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். முட்டையையும் புழுவையும் தொடாது. முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். குளியல் தொட்டியைக் காலி செய்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கறுப்புப் புள்ளிகளாக ஒட்டியிருக்கும் முட்டை, காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும். வாரம் ஒருமுறை அந்தச் சுவரை முரட்டு பிரஷ்ஷால் அழுத்தித் தேயுங்கள். காலி செய்ய முடியாத தொட்டிக்கு 10 லிட்டருக்கு 1 கிராம் வீதம் 1 சதவீத அபேட் மணல் (கொசுப்புழுவைக் கொல்லும் மருந்து) போடுங்கள். கூரைத் தகரக் கால்வாய், ஐஸ்பெட்டி அடித்தட்டு, சாமி மேடைப் பூச்சாடி மூன்றையும் பாருங்கள்.

மலாயாவில் டிங்கி ரத்தக்கசிவுக் காய்ச்சல் முதலில் பதிவானதே பினாங்கில்தான், 1962இல். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால், அது தணியும் நாளில் இன்னும் கவனம் வேண்டும்: கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.