தீபாவளிக்கு முன்னால் ஆப்பிள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சுங்கை சிப்புட் பசாரில் புது ஆப்பிள் பெட்டிகள் இறங்கத் தொடங்கிவிட்டன. அதனால் இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஆப்பிள் பற்றித்தான்.

ஆர்கானிக் ஆப்பிள் வாங்கினேன், மாவு மாதிரி இருந்தது. ஏன்?

எந்த ரகம், எந்த நாடு, எப்போது வாங்கினீர்கள், ஒன்றுமே எழுதாமல் ஏன் என்று மட்டும் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? ஊகித்துத்தான் சொல்ல வேண்டும். நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா பழமென்றால் பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் பறித்தது, இந்த அக்டோபருக்குள் அரை வருடம் குளிர்கிடங்கில் இருந்துவிட்டது. சாதாரண ஆப்பிளுக்குக் கிடங்கில் 1-எம்சிபி வாயு கொடுத்துப் பழுக்கவிடாமல் வைப்பார்கள். அமெரிக்க, ஐரோப்பிய ஆர்கானிக் விதிகள் அதை அனுமதிப்பதில்லை, அதனால் நாள்பட்ட ஆர்கானிக் பழம் சீக்கிரம் மாவாகிவிடும். அமெரிக்காவில் காலா ரகத்தை ஆகஸ்ட், செப்டம்பரிலும், ஃபூஜி ரகத்தை அக்டோபரிலும் பறிக்கிறார்கள், கப்பலில் வர ஒரு மாதம் போல வைத்துக்கொள்ளுங்கள். நாட்டைப் பாருங்கள், மாதத்தைப் பாருங்கள், விலையைக் கடைசியில் பாருங்கள்.

கத்தியால் சுரண்டினால் மெழுகு வருகிறது. விஷமா?

இல்லை. ஆப்பிள் தோலிலேயே மெழுகு உண்டு. கழுவும்போது அது போய்விடுவதால் கார்னாபா என்ற பனை இலை மெழுகோ அரக்கோ பூசுகிறார்கள், இரண்டையும் சாப்பிடலாம். அரக்கு பூச்சியிலிருந்து வருவது என்பதால் சுத்த சைவக்காரர்கள் தோலைச் சீவிக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் ஆர்கானிக் என்கிறார். எப்படி நம்புவது?

வாயால் சொன்னால் நம்பாதீர்கள். போன வருடம் ஒரு கடையில் 'ஆர்கானிக்' என்று மார்க்கர் பேனாவில் எழுதிய பை, 5 பழம், 20 ரிங்கிட்டுக்குப் பக்கம். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒவ்வொரு பழத்திலும் 4131 என்று ஒட்டியிருக்கிறது. அது சாதாரண ஃபூஜியின் எண். ஆர்கானிக் என்றால் முன்னால் ஒரு 9 சேர்ந்து 94131 என்று ஐந்து இலக்கமாக இருக்க வேண்டும். திரும்பப் போய்க் கேட்டேன், "எல்லாம் ஒன்றுதான்" என்றார்கள். ஒன்று இல்லை. ஒரு பழத்தை நிஜமாகவே ஆர்கானிக்காக விளைவிக்க ஒரு விவசாயி எவ்வளவு பாடுபடுகிறார், அந்தச் சொல்லை இப்படிப் பேனாவால் எழுதி விற்றால் அவருக்கும் நஷ்டம், தோட்டத்தில் வேலை செய்து சேர்த்த காசில் பிள்ளைக்கு நல்லது வாங்க வந்த தாய்க்கும் நஷ்டம். எனக்கு இதில் இன்னும் கோபம் ஆறவில்லை.

எண் ஒட்டுவது கட்டாயம் இல்லை, அதனால் எண் இல்லாவிட்டால் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். அமெரிக்கப் பழமென்றால் யூஎஸ்டிஏ ஆர்கானிக் முத்திரை, ஐரோப்பியப் பழமென்றால் பச்சை இலை முத்திரை இருக்கும். நம் நாட்டு மைஆர்கானிக் முத்திரையை ஆப்பிளில் காட்டினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அது இங்குள்ள பண்ணைகளுக்குக் கொடுப்பது, ஆப்பிளோ வெளிநாட்டிலிருந்து வருவது. பெட்டியில் நாட்டின் பெயரும் இருக்கும். திரும்பவும் சொல்கிறேன், நாட்டைப் பாருங்கள், மாதத்தைப் பாருங்கள்.

பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவலாமா?

வேண்டாம். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து 15 நிமிடம் ஊறவைத்து, குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். 2017இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் சோதித்து, மேல்தோலில் இருந்த இரண்டு பயிர்மருந்துகளில் பெரும்பகுதி இப்படிப் போனதைக் காட்டினார்கள். தோலுக்குள் இறங்கியது போகாது. ஆர்கானிக் பழத்தையும் கழுவத்தான் வேண்டும், கந்தகமும் செம்பு மருந்தும் அதற்கும் அடிக்கலாம்.

விதை போட்டால் நம் ஊரில் காய்க்குமா?

காய்க்காது. பெரும்பாலான ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரம் போலக் குளிர் வேண்டும். அந்த இடத்தில் ஜம்பு வையுங்கள்.

பார்த்து எடுப்பது எப்படி? சாமிக்குப் படைத்த பிறகு எத்தனை நாள் தாங்கும்?

கையில் கனமாக, கல் மாதிரி இருக்க வேண்டும். காம்பைச் சுற்றித் தோல் சுருங்கியிருந்தால் பழையது. சிவப்பை நம்பாதீர்கள், சிவப்புக்கு இடையில் தெரியும் அடிநிறம் பச்சையிலிருந்து வெளிர்மஞ்சளுக்கு வந்திருந்தால்தான் இனிக்கும். சொரசொரப்பான பழுப்புத் திட்டு பரவாயில்லை, அமுங்கிய இடம் கூடாது. படையலில் ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், நம் வெயிலில் ஒரு வாரத்தில் மாவாகிவிடும். ஐஸ்பெட்டியில் துளையிட்ட பையில் ஒரு மாதம்கூட இருக்கும், ஆனால் கேரட்டோடு சேர்த்து வைத்தால் கேரட் கசந்துவிடும். கீரையும் பழுத்துப்போகும்.

பச்சை ஆப்பிளை என்ன செய்வது? பிள்ளைகள் தொடமாட்டேன் என்கிறார்கள்.

மாங்காய் மாதிரி நறுக்கி, உப்பு, மிளகாய்த்தூள், கடுகு தாளித்து உடனடி ஊறுகாய் போடுங்கள், கிரானி ஸ்மித் என்ற பச்சை ரகம் அதற்கென்றே பிறந்தது. இல்லையென்றால் தோலோடு அடித்து 'அசாம் போய்' என்ற உப்பில் உலர்த்திய புளிப்புப் பிளம் போட்டு ஜூஸ் கொடுங்கள், தொடாத பிள்ளையும் இன்னொரு கிளாஸ் கேட்கும். அசாம் போய் கொட்டையை மட்டும் பிளெண்டரில் போட்டுவிடாதீர்கள்.