முடிவு தெரிந்த போரை மேசையில் ஆடுவது எப்படி? பிளாசியை வைத்து ஒரு பதில்

கேள்வி இது: மினியேச்சர் பொம்மைகளை வைத்து வரலாற்றுப் போர்களை ஆடுபவர்கள் காட்சியை எப்படி வடிவமைக்கிறார்கள்? யார் ஜெயித்தார்கள் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கும்போது ஆட்டத்தில் என்ன சுவாரசியம்?

இரண்டாவது பாதியில்தான் விஷயம் இருக்கிறது. எத்தனை பேர், எத்தனை பீரங்கி, எங்கே ஆறு, எங்கே மேடு என்பதையெல்லாம் புத்தகம் பார்த்து யாரும் எடுத்து வைத்துவிடலாம். அன்று தளபதிக்கு என்ன தெரியாமல் இருந்தது என்பதை மேசைக்குக் கொண்டு வருவதுதான் சிரமம். நான் ஒரு போரைக் கையில் எடுத்தால் முதலில் தேடுவது அதைத்தான்.

அதற்கு 1757 ஜூன் 23 அன்று நடந்த பிளாசிப் போரைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி கிளைவிடம் சுமார் 3,000 பேர். வங்காள நவாப் சிராஜ் உத் தௌலாவிடம் ஏறக்குறைய 50,000 பேர், 53 பீரங்கிகள். அந்த 50,000 பேரில் பெரும்பகுதி மீர் ஜாபர், ராய் துர்லப், யார் லுத்துப் கான் என்ற மூவரின் கையில் இருந்தது. மூவரும் சண்டையில் இறங்கவே இல்லை. மீர் ஜாபர் துரோகி என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் அன்று காலை கிளைவுக்கு அது உறுதியாகத் தெரியாது. இரண்டு நாள் முன்பு கட்வாவில் கூடிய போர் ஆலோசனையில், இப்போது முன்னேற வேண்டாம் என்றுதான் பெரும்பாலான அதிகாரிகள் சொன்னார்கள். கிளைவும் அந்தப் பக்கம்தான் வாக்களித்தார், பிறகு மனதை மாற்றிக்கொண்டார். அந்தத் தயக்கம் மேசையில் வரவில்லை என்றால் மிஞ்சுவது 3,000 பேர், நவாப் பக்கம் உண்மையில் சண்டை போட்ட 12,000 பேரைச் சுட்டுத் தள்ளும் ஓர் அலுப்பான பீரங்கிச் சண்டை மட்டும்.

சரி, முதலில் தரை. பழைய வரைபடங்களையும் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்மின் வர்ணனையையும் வைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். நேரில் போய்ப் பார்த்து வரையலாம் என்றால் முடியாது, பாகீரதி ஆறு தடம் மாறிப் போர்க்களத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. ஓர்ம் அப்போது சென்னைக் கவுன்சிலில் இருந்தவர், கிளைவை வங்காளத்துக்கு அனுப்பச் சொல்லி வாதாடியவர்களில் ஒருவர். அதனால் அவர் தரும் எதிரி எண்ணிக்கையைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இடங்களைப் பற்றி அவர் சொல்வது நன்றாகப் பயன்படுகிறது. ஆங்கிலேயர் தங்கிய மாந்தோப்பு சுமார் 800 கஜம் நீளம், 300 கஜம் அகலம். சுற்றிலும் மண்கரையும் பள்ளமும். மேற்கே ஆறு. ஆற்றங்கரையில் சுற்றுச்சுவரோடு நவாபின் வேட்டை மாளிகை. தோப்புக்கு வடக்கே இரண்டு குளங்கள், அவற்றுக்கும் அப்பால் நவாபின் அகழி சூழ்ந்த முகாம்.

ஆறடிக்கு நாலடி மேசையில் ஒரு சென்டிமீட்டருக்கு 15 மீட்டர் என்று அளவு வைத்தால், தோப்பு ஏறக்குறைய 49 செ.மீ. நீளமும் 18 செ.மீ. அகலமும் வரும். குளங்களும் முகாமும் வசதியாக உள்ளே அடங்கும். இதே அளவில் மஸ்கட் துப்பாக்கி உருப்படியாகச் சுடும் 100 மீட்டர் தூரம் 7 செ.மீ.கூட இல்லை. கடையில் வாங்கும் ரூல் புக்கில் 20, 30 செ.மீ. என்று போட்டிருப்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் தோப்புக்குள் இருந்தபடியே சிப்பாய்கள் 300, 450 மீட்டர் தூரம் சுடுவார்கள், பீரங்கிக்கு வேலையே இல்லாமல் போகும். காலை எட்டு மணியிலிருந்து மதியம் வரை பீரங்கி மட்டுமே பேசிய போர் இது. எந்த ரூல் புக் எடுத்தாலும் தூரங்களை உங்கள் தரை அளவுக்கு மாற்றி எழுதிவிடுங்கள். நிறைய பேர் சோம்பேறித்தனமாக விடும் வேலை இதுதான்.

பொம்மை எண்ணிக்கையில் எல்லோரும் திணறுவார்கள். ஒரு பொம்மைக்கு 50 பேர் என்றால் கிளைவுக்கு 60 பொம்மை, நவாபுக்கு 1,000. யார் பெயின்ட் அடிப்பது? நான் ஒரு பேஸுக்கு, அதாவது சில பொம்மைகளை ஒட்டி ஒன்றாக நகர்த்தும் அடித்தட்டுக்கு, 250 பேர் என்று வைப்பேன். மூன்று வரிசையாக நின்றால் 250 பேர் ஐம்பது அறுபது மீட்டர் அகலம்தான் பிடிப்பார்கள், மேலே சொன்ன அளவில் அது சுமார் 4 செ.மீ. பேஸ். கிளைவுக்கு 12 பேஸ். மீர் மதனும் மோகன் லாலும் நடத்திய 5,000 குதிரைப்படை, 7,000 காலாட்படைக்கு 48 பேஸ். உண்மையில் சண்டை போட்டது இவர்கள்தான். இவர்களோடு பெரிய குளத்தங்கரையில் சான் ஃப்ரே என்பவரின் கீழ் சுமார் 50 பிரெஞ்சுக்காரர்கள், நான்கு சிறு பீரங்கிகள்.

மீதி மூன்று பிரிவுக்கும் பேஸ் வேண்டாம். மூன்று தட்டு போதும். ஒவ்வொன்றிலும் சில குதிரைகள், ஒரு யானை, நிறையக் கொடி. வேட்டை மாளிகையின் கூரையில் நின்று பார்த்த கிளைவுக்கும் அவர்கள் ஒரு பெரும் கூட்டமாகத்தானே தெரிந்திருப்பார்கள். தட்டு எப்போதாவது சண்டைக்கு வந்தால், அப்போது அட்டையில் வெட்டிய துண்டுகளை எடுத்து வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து உலோகப் பொம்மை வரவழைத்தால் சுங்க வரியே கண்ணைக் கட்டும். அட்டைத் துண்டில் ஆடினால் மரியாதை குறைந்துவிடாது.

பெயின்ட் அடிப்பவர்களுக்கு ஒரு சந்தோஷம் உண்டு. நவாபின் கனரகப் பீரங்கிகள் ஆறடி உயர மரமேடைகளில் ஏற்றப்பட்டு, பல ஜோடி மாடுகள் இழுக்க, பின்னால் யானை தள்ள வந்தவை. ஒன்றாவது செய்து வையுங்கள். கிளைவின் சிப்பாய்களில் ஒரு பகுதி 1756 அக்டோபரில் சென்னையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். வங்காளத்தில் 1757 தொடக்கத்தில் திரட்டிய பட்டாளத்துக்குச் சிவப்புச் சட்டை, அதனால்தான் அதற்கு லால் பல்டன் என்று பெயர் வந்தது.

இனி மீர் ஜாபருக்கு வருவோம். பகடை உருட்டி, ஆறு விழுந்தால் கட்சி மாறுவார் என்று வைத்திருக்கும் காட்சிகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த ஆள் பகடை இல்லை, தன் லாபத்தைப் பார்த்துக் கணக்குப் போட்ட மனிதர். மூன்றாவதாக ஓர் ஆட்டக்காரரை உட்கார வைத்து மூன்று தட்டுகளையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். அவருக்கு மட்டும் தனிச் சீட்டில் புள்ளிகள் எழுதித் தாருங்கள். ஆங்கிலேயர் ஜெயித்து, அவருடைய படை சேதமில்லாமல் இருந்தால் அதிகப் புள்ளி. நவாப் ஜெயித்து, கடைசிச் சுற்றுகளில் அவர் நவாபுக்காகச் சண்டை போட்டிருந்தால் அதற்கும் ஓரளவு. வெளிப்படையாகக் கட்சி மாறிய பிறகு ஆங்கிலேயர் தோற்றால் சுழியம்.

இப்படி விட்டால் அவர் சும்மாவே உட்கார்ந்திருப்பார். அதற்குத்தான் இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்கடி வேண்டும், வரலாறே அதைத் தருகிறது. கிளைவ் அவருக்கு எழுதிய கடிதத்தில், நீங்கள் வந்து சேராவிட்டால் நான் நவாபோடு சமாதானம் செய்துகொள்வேன் என்று மிரட்டியிருந்தார். ஆகவே ஆங்கிலேய ஆட்டக்காரருக்கு ஒரே ஒரு கடிதம். அதை அனுப்பிய பிறகு மூன்று சுற்றுக்குள் மீர் ஜாபரிடமிருந்து எந்தச் சைகையும் வராவிட்டால் அவருக்கு வர வேண்டிய புள்ளி பாதியாகும். மறுபக்கம், சிராஜ் அன்று மதியம் மீர் ஜாபரைக் கூப்பிட்டுத் தன் தலைப்பாகையையே அவர் முன் கழற்றி வைத்துக் கெஞ்சினார். ஆகவே நவாப் ஆட்டக்காரரும் ஆள் அனுப்பிக் கூப்பிடலாம். ஒவ்வொரு முறை மறுக்கும்போதும் தட்டின் மேல் ஒரு சந்தேக வில்லை. மூன்று வில்லை சேர்ந்தால் நவாப் அந்தத் தட்டின் தளபதியை மாற்ற முயலலாம். உண்மையில் சிராஜ் அன்று அந்த அளவுக்குப் போகவில்லை. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்கத்தானே ஆடுகிறோம்.

கடிதங்கள் நேரடியாகக் கை மாறக் கூடாது, நடுவர் வழியாகத்தான் போக வேண்டும். தாமதமாகலாம், போய்ச் சேராமலும் இருக்கலாம். பிளாசியில் அதுவும் நடந்தது. மீர் ஜாபரின் படை தோப்பை நோக்கி நகர்ந்தபோது அது யார் படை என்று ஆங்கிலேயருக்குத் தெரியவில்லை, பீரங்கியைத் திருப்பி அதன் மீதே சுட்டார்கள். 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட கிரீக்ஸ்பீல் என்ற போர் ஆட்டமே இப்படி நடுவரை நடுவில் வைத்து ஆடியதுதான். உன் கண்ணுக்கு எட்டும் எதிரியை மட்டும் அவர் வரைபடத்தில் வைப்பார். இருநூறு ஆண்டுக்குப் பிறகும் இதைவிட நல்ல வழி எதுவும் வந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது மழை. நண்பகலில் கொட்டித் தீர்த்தது. ஆங்கிலேயர் தார்ப்பாயால் வெடிமருந்தை மூடிக் காப்பாற்றினார்கள், நவாபின் மருந்து நனைந்துபோனது. எதிரி மருந்தும் நனைந்திருக்கும் என்று நினைத்து மீர் மதன் பாய்ந்தார், பீரங்கிக் குண்டுக்குப் பலியானார். மழை 12 மணிக்குத்தான் வரும் என்று விதியில் எழுதினால் நவாப் ஆட்டக்காரர் வெடிமருந்தைச் சாக்குப் போட்டு மூடிவிட்டுக் காத்திருப்பார். நண்பகலுக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் நடுவர் ஒரு பகடை உருட்டட்டும், ஐந்தோ ஆறோ விழுந்தால் மழை. மழை பெய்ததும் ஆங்கிலேயப் பீரங்கிகள் ஒவ்வொன்றுக்கும் மருந்து காய்ந்ததா நனைந்ததா என்று நடுவர் மறைவாகக் குறித்து வைப்பார், காய்ந்ததாக இருக்கும் வாய்ப்பை அதிகமாக வைக்கலாம். ஆங்கிலேய ஆட்டக்காரர் சுடாமல் அடக்கி வாசித்தால், எதிரிக்கு இருக்கும் ஒரே வழி குதிரையை ஓட்டிப் பார்ப்பதுதான். மீர் மதன் முட்டாள்தனமாகச் செத்தார் என்று இதுவரை நினைத்திருந்தவர்கள்கூட, தாங்களே அதே பாய்ச்சலுக்குக் கட்டளை கொடுப்பதைப் பார்க்கலாம். இந்த ஒரு விதிக்காகவே எனக்கு இந்தக் காட்சி பிடிக்கும்.

நேரக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் மூன்று மணி நேரம் பகடை உருட்டியே கை வலிக்கும். பதினோரு மணிக்கு ஆரம்பியுங்கள், இருட்டும் வரை தோப்பிலேயே தாக்குப்பிடித்து நள்ளிரவில் முகாமைத் தாக்கலாம் என்று கிளைவ் முடிவெடுத்த நேரம் அது. சுற்றுக்கு அரை மணி, மாலை ஐந்து வரை 12 சுற்று.

படையின் மனஉறுதியில் மட்டும் கவனம் வேண்டும். ஆங்கிலேயர் தரப்பில் அன்று இறந்தவர்கள் 22, காயம்பட்டவர்கள் சுமார் 50. மொத்தத்தில் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. நவாப் தரப்பில் சுமார் 500, அங்கே அது நூற்றுக்கு ஒன்று. பல ரூல் புக்குகளில் கால்வாசிப் படை போன பிறகுதான் ஓடலாமா என்று யோசிப்பார்கள். பிளாசியில் சாவு எண்ணிக்கை ஒரு படையை உடைக்கவில்லை, மீர் மதன் ஒருவரின் சாவு உடைத்தது. ஆகவே அவர் விழுந்த சுற்றில் நவாபுக்கு ஒரு பெரிய சோதனை வையுங்கள். தேறினால் மோகன் லால் சண்டையைத் தொடரலாம், தேறாவிட்டால் முகாமுக்குப் பின்வாங்க வேண்டும்.

கிளைவின் பக்கமும் கட்டளை முழுக்கக் கையில் இருக்கக் கூடாது. நவாபின் படை பின்வாங்கியபோது கிளைவ் வேட்டை மாளிகைக்குள் இருந்தார். மேஜர் கில்பாட்ரிக் அவரைக் கேட்காமலேயே குளத்தங்கரைப் பிரெஞ்சுக்காரர்களை நோக்கி முன்னேறினார். வெளியே வந்த கிளைவ் அவரைத் திட்டினார், அப்புறம் அதே தாக்குதலைத் தானே ஏற்று நடத்தினார். எதிரி பின்வாங்கும் சுற்றில் பகடையில் ஆறு விழுந்தால் கில்பாட்ரிக் தானாகக் கிளம்பிவிடுவார் என்று ஒரு சின்ன விதி போதும், மேசையில் சிரிப்பு நிச்சயம்.

வெற்றிக்கு இரண்டு பேருக்கும் ஒரே தராசு வேண்டாம். நவாப் ஆட்டக்காரர் மாலை ஐந்து மணிக்கு முகாமில் இருந்தாலே சிராஜைவிட நன்றாக ஆடினார் என்று அர்த்தம். சிராஜ் அப்போது ஒட்டகத்தில் முர்ஷிதாபாத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். ஆங்கிலேயருக்கு முகாமைப் பிடித்தால் பெரிய வெற்றி, இருட்டும் வரை தோப்பைக் காப்பாற்றினால் சின்ன வெற்றி. 12 பேஸில் மூன்று போனால் எது நடந்தாலும் தோல்வி, வங்காளத்தில் கிளைவுக்குப் பக்கத்தில் வேறு படை கிடையாது.

வடிவமைத்ததை ஆட அழைக்கும் முன் நீங்களே தனியாக ஒருமுறை ஆடிப் பாருங்கள், தூரக் கணக்கில் இருக்கும் ஓட்டைகள் அதிலேயே தெரிந்துவிடும். மீர் ஜாபரின் புள்ளிச்சீட்டு சரியாக இருக்கிறதா என்று மட்டும் தனியாக ஆடிக் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு மூன்று பேர் வேண்டும். அந்த நாற்காலியில் ரம்மி ஆடும்போது கடைசிவரை கையைக் காட்டாத நண்பர் யாராவது இருந்தால் அவரை உட்கார வையுங்கள்.