வெல்டிங்குக்கு முன் அடித்த ஸ்ப்ரேதான் கவலை

கேள்வி: வீட்டுக்காரர் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிப் பட்டறையில் வெல்டர். வயது 38. ஜிஐ பைப் வேலை வந்தால் அன்று ராத்திரி குளிர்காய்ச்சல், உடம்பு வலி, வாயில் இரும்புச் சுவை. மறுநாள் சரியாகி வேலைக்குப் போய்விடுவார். பாலும் வாழைப்பழமும் கொடுக்கிறேன். போன மாதம் ஆயில் பிடித்த பாகத்தில் பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்துத் துடைத்துவிட்டு வெல்டிங் வைத்தாராம். தொண்டை எரிந்து அப்போதே அடங்கிவிட்டது. ஆனால் நடுராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்து இருமினார், மூச்சு வாங்கியது. மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டார். நெட்டில் பார்த்தால் நுரையீரல் புற்றுநோய் என்று வருகிறது. பயமாக இருக்கிறதுங்க டாக்டர்.

பதில்: அம்மா, அந்தக் காய்ச்சலுக்கு இவ்வளவு பயப்பட வேண்டாம். ஆனால் நடுராத்திரி இருமலுக்கு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் ஆபத்தான வரி அது ஒன்றுதான்.

பிரேக் கிளீனர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. குளோரின் உள்ள வகைதான் இங்கே பிரச்சினை. டப்பாவின் பின்பக்கம் டெட்ராகுளோரோஎத்திலீன், டிரைகுளோரோஎத்திலீன், மெத்திலீன் குளோரைடு என்று ஏதாவது போட்டிருப்பார்கள். "இது தீப்பிடிக்காது, பட்டறைக்குப் பாதுகாப்பு" என்று நம்பித்தான் வாங்குகிறார்கள். தீப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் அந்த ஆவி வெல்டிங் சூட்டிலும் ஆர்க்கின் (ராடு நுனியில் எழும் மின்பொறியின்) புற ஊதா வெளிச்சத்திலும் சிதைந்து ஃபாஸ்ஜீன் என்ற வாயு உண்டாகிறது. முதல் உலகப் போரில் ஆள்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. ஸ்ப்ரே அடித்த இடத்தில்தான் ஆர்க் படவேண்டும் என்றில்லை. பக்கத்து மேஜையில் ஒருவர் அதில் பாகம் கழுவிக்கொண்டிருக்க, இவர் இங்கே வெல்டிங் வைத்தாலும் போதும்.

இதன் கெட்ட குணம், உடனே காட்டிக்கொடுக்காது. கொஞ்சம் தொண்டை எரிச்சல், கண் எரிச்சல், அப்புறம் சரியாகிவிடும். சில பேருக்கு அதுவும் இருக்காது. பூசணம் பிடித்த வைக்கோல் வாசனை வரும் என்பார்கள். அந்த வாசனை மூக்குக்குத் தெரியாத அளவிலேயே நுரையீரலைக் கெடுத்துவிடும், அதனால் மூக்கை நம்பாதீர்கள். சில மணி நேரம் கழித்து, சில சமயம் ஒரு நாளே கழித்து, நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பிக்கும். படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. உங்கள் வீட்டுக்காரருக்கு வந்தது இதேதான் என்று நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதிய வரிசை அச்சாகப் பொருந்துகிறது.

இனி இப்படி ஸ்ப்ரே அடித்து வெல்டிங் வைத்த பிறகு தொண்டை எரிந்தாலோ, இருமல் வந்தாலோ, மூச்சு வாங்கும் வரை காத்திருக்கக் கூடாது. அப்போதே கிளம்புங்கள். அவர் பைக் ஓட்ட வேண்டாம், மாடிப்படி ஏற வேண்டாம். உடம்பை அலட்டினால் நீர் கோப்பது இன்னும் வேகமாகும். 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த ஸ்ப்ரே டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். இந்த விஷத்தை முறிக்கும் மருந்து கிடையாது. ஆக்சிஜன் கொடுத்து, ஒரு நாளாவது பக்கத்தில் வைத்துக் கவனிப்பதுதான் வைத்தியம். "வெல்டர், ராத்திரி இருமல்" என்று மட்டும் சொன்னால் எந்த டாக்டரும் சளி என்றுதான் நினைப்பார். எதை அடித்தார், எத்தனை மணிக்கு அடித்தார் என்று சொல்லுங்கள். மெடிக்கலில் வாங்கின ஆன்டிபயாட்டிக் இதற்கு ஒன்றுமே செய்யாது. அதைப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருந்தாரே, அதை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது.

ஜிஐ காய்ச்சலுக்கு வருகிறேன். பைப்பின் மேல் பூசியிருப்பது துத்தநாகம். அது 907 டிகிரியில் ஆவியாகிவிடும். இரும்பு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும். ஆக, வெல்டிங் வைத்தால் வெள்ளைப் புகை வந்தே தீரும். அதை இழுத்த நாலிலிருந்து பத்து மணி நேரத்தில் காய்ச்சல் வரும், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். தினமும் செய்தால் உடம்பு பழகிக்கொள்ளும், ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை திரும்ப வரும். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. பால் குடிக்கட்டும், ஆனால் அது மருந்தில்லை. மூட்டுக்கு இரண்டு பக்கமும் 2 அங்குலம் பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிடச் சொல்லுங்கள். பைப்புக்கு உள்ளேயும் பூச்சு இருக்கும் என்பதால் முகத்துக்கு வருமுன் புகையை இழுக்கிற எக்ஸாஸ்ட் ஃபேனும் வேண்டும். பூச்செடுக்கப் பாத்ரூம் ஆசிட் ஊற்றும் பழக்கம் வேண்டாம். ஒன்றைக் கவனியுங்கள்: காய்ச்சல் இரண்டாம் நாள் குறையாமல் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் அது துத்தநாகக் காய்ச்சல் இல்லை. பழைய போல்ட், நட்டுகளில் காட்மியம் என்ற நச்சு உலோகத்தின் பூச்சு இருந்திருக்கலாம். அதுவும் ஆஸ்பத்திரி கேஸ்தான்.

ஆயிலைத் துடைக்க சோப்புத் தண்ணீர் போதும். அவசரமென்றால் அசிட்டோன். அது தீப்பிடிக்கும், அதனால் மடிப்பு, இடுக்கு எல்லாம் முழுக்கக் காய்ந்து, டப்பாவும் துணியும் தூரப் போன பிறகுதான் ராடைக் கையில் எடுக்க வேண்டும். மூக்கில் துண்டு கட்டுவது எதற்கும் ஆகாது. என்95 மாஸ்க் உலோகத் தூளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது.

புற்றுநோய் பற்றிக் கேட்டீர்கள். வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் வகைப்படுத்தியது உண்மை. அது வருஷக்கணக்கில் இழுக்கிற புகையைப் பற்றியது. ஒரு ராத்திரிக் காய்ச்சல் அதற்கு அறிகுறி இல்லை. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்தட்டும். நெட்டில் தேடுவதை நீங்கள் நிறுத்துங்கள்.

இந்த வாரமே நெஞ்சக மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப் போய் ஒரு எக்ஸ்ரேயும், ஊதிப் பார்க்கும் பரிசோதனையும் செய்துவிடுங்கள். பட்டறையில் அந்த ஸ்ப்ரே டப்பா இன்னும் இருந்தால், பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடச் சொல்லுங்கள்.