வாசகர் கேட்டவை: மாதிரி விமானத்தின் பிணைச்சலுக்கு எந்தப் பசை?

கேள்வி: நான் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். மாணவர்களுடன் சேர்ந்து 1.4 மீற்றர் இறக்கை நீட்டமுள்ள பல்சா மரப் பயிற்சி விமானமொன்றைக் கட்டி முடித்தோம். பறக்கவிடுவதற்கு முன் கையால் இழுத்துப் பார்த்தபோது, இடப்பக்க எயிலரனின் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) மூன்று பிணைச்சல்களில் இரண்டு உருவிக்கொண்டு வந்துவிட்டன. பெட்டியோடு வந்த, துணிபோன்ற மெல்லிய பிணைச்சல்கள் அவை. தடித்த சுப்பர் குளூவைப் பூசிப் பிளவுக்குள் செருகியிருந்தோம். பசை பழுது என்கிறார்கள் மாணவர்கள். இனி அரல்டைற் பூசலாமா?
— ஆசிரியர் ஒருவர், கிளிநொச்சி

பதில்: ஐயா, தரையில் வைத்தே இழுத்துப் பார்த்தீர்களே, அதற்காக முதலில் உங்களைப் பாராட்டுகிறேன். அதே பிணைச்சல் ஆகாயத்தில் உருவியிருந்தால் விமானத்தை மீட்டிருக்க முடியாது. இப்போது கழன்று வந்த பிணைச்சலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதன்மேல் மரநார் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், பசை பிடித்திருக்கிறது, மரம்தான் பிய்ந்திருக்கிறது என்று பொருள். நார் எதுவுமின்றி, பிளவின் வாயிருந்த இடத்தில் மட்டும் பசை கட்டிபட்டிருந்தால், அது உள்ளே போகவேயில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் நடந்திருக்கும். பசை பழுதன்று; அந்தப் பிணைச்சலுக்கு உரிய பசை அதுவன்று.

சி.ஏ. (சயனோஅக்கிரிலேற், அதாவது சுப்பர் குளூ) பிணைச்சல் என்று மாதிரி விமானம் கட்டுவோர் சொல்லும் இந்த வகையில், நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் தாளும் அதன் இருபுறமும் திரவத்தை உறிஞ்சும் நார்ப்படையும் உள்ளன. விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுவதுபோல, தண்ணீராக ஓடும் மெல்லிய சுப்பர் குளூவை அந்த நார்ப்படை பிளவின் அடிவரை இழுத்துச் செல்ல வேண்டும் என்பதற்காகவே அது அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. தடித்த பசையை முன்கூட்டியே பூசிச் செருகினால், பாதி வாயிலேயே வழிக்கப்பட்டுவிடும்; மீதி, உள்ளே போய்ச் சேருமுன் இறுகிவிடும். அரல்டைற்றுக்கும் இதே குறைதான். அதன் பலத்தில் ஐயமில்லை, ஆனால் அது ஊறிச் செல்வதில்லை. ஆகவே பசையின் பலத்தைப் பார்த்துப் பிணைச்சலுக்குப் பூசாமல், பிணைச்சலைப் பார்த்துப் பசையைத் தெரிவு செய்யுங்கள்.

உருவி வந்தவற்றை மீண்டும் பயன்படுத்த வேண்டாம். பழைய பசை அடைத்துக் கிடக்கும் பிளவுகளை விட்டு, இரண்டு விரல் தள்ளிப் புதிதாக வெட்டுங்கள். பிளவின் நடுவே, உள்நோக்கி, 2 மில்லிமீற்றர் அளவில் ஒரு சிறு துளை இடுங்கள். பசை அடிவரை ஓடும் வாய்க்கால் அதுதான். அநேகர் இந்தத் துளையை விட்டுவிடுகிறார்கள், பிணைச்சல் கழல்வதற்கு நான் கண்ட முதற் காரணமும் இதுவே. இறக்கையைப் போர்த்திய படலத்தைப் பிளவின் ஓரத்தில் நூலளவு வெட்டி நீக்கினால், பசை படலத்துக்கு அடியில் பரவாமல் மரத்துக்குள் இறங்கும். பின்னர் பிணைச்சலைப் பசையின்றி உலர்வாகச் செருகி, நடுவில் ஒரு குண்டூசியைக் குத்தி, பாதி இறக்கையிலும் பாதி எயிலரனிலும் நிற்கும்படி வையுங்கள். எயிலரனைப் பொருத்தியபின் ஊசியை எடுத்துவிட்டு, இடைவெளி அரை மில்லிமீற்றருக்கு மேற்படாமல் நெருக்குங்கள். இடைவெளி பெரிதானால் பிணைச்சல் வளைவதற்குப் பதிலாக நெளியத் தொடங்கும். வேகமாகப் பறக்கையில் எயிலரன் படபடத்து அடிப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகும். இனி எயிலரனை வளைத்துப் பிடித்துக்கொண்டு, மெல்லிய சுப்பர் குளூவை ஒவ்வொரு துளியாக, முந்திய துளி உறிஞ்சப்பட்டபின் அடுத்த துளி என்று, மூன்று நான்கு துளிகள் விடுங்கள். திருப்பி மறுபக்கத்திலும் அவ்வாறே செய்யுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

இறுகச் செய்யும் தெளிப்பானை இங்கே பயன்படுத்த வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் அவசரத்தில் எனது விமானமொன்றின் வாலில் அசையும் பலகையான எலிவேற்றருக்கு அதைத் தெளித்தேன். பசை உள்ளே ஊறுமுன் மேற்பரப்பிலேயே கல்லாகி, மூன்றாம் பறப்பில் ஒரு பிணைச்சல் கழன்றது. மற்றைய இரண்டும் தாங்கியதால் மட்டுமே விமானம் தரையிறங்கியது. பத்து நிமிடம் பொறுத்திருந்தால் போதுமாயிருந்தது.

நம்முடைய காலநிலையும் இதில் சேர்ந்துகொள்கிறது. சுப்பர் குளூ உலர்வதால் ஒட்டுவதன்று. காற்றிலும் மரத்திலும் உள்ள ஈரத்தைத் தொட்டே அது இறுகுகிறது. மாரி மழையில் அது நீங்கள் நினைப்பதைவிட விரைவாக இறுகும், பிணைச்சலைச் சுற்றி வெண்புகை படிந்ததுபோன்ற பூச்சும் தோன்றலாம். கச்சான் காற்று வீசும் உலர்ந்த நாட்களில் சற்று மெதுவாக இறுகும். அது ஊறுவதற்கு நல்லது. போத்தலை இறுக மூடி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொதிகளுடன் ஒரு கண்ணாடிச் சாடிக்குள் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். வெளியே எடுத்தவுடன் திறந்தால் உள்ளே நீர் படியும். அறையின் வெப்பத்துக்கு வந்தபின்னரே திறக்க வேண்டும்.

மாணவர்களுக்காக இன்னுமொன்று. மெல்லிய சுப்பர் குளூ பருத்தித் துணியில் கொட்டினால் வெப்பம் கிளம்பிப் புகையும், தோலையும் சுட்டுவிடும். பாடசாலைச் சீருடையோடு இந்த வேலையைச் செய்யவிட வேண்டாம், பஞ்சால் துடைக்கவும் வேண்டாம். கண்ணுக்குக் கட்டாயம் காப்புக் கண்ணாடி அணியட்டும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்காமல், இளஞ்சூடான சவர்க்கார நீரில் ஊறவைத்து மெல்ல உரித்தெடுக்க வேண்டும்.

கேள்வி: நான் தச்சுவேலை செய்பவன். மகனுக்காகக் கட்டும் விமானத்துக்கு ஊசி கோத்த நைலோன் பிணைச்சல்கள் வாங்கினேன். ஐந்து நிமிடத்தில் இறுகும் எப்பொக்சிப் பசை நான்காவது பிணைச்சலுக்குப் போகுமுன் இறுகிவிட்டது. பூட்டியவற்றிலும் ஒன்று அசையவில்லை. நாங்கள் கதவு நிலைக்குப் பூசும் வெள்ளைப் பசையைப் பாவித்தால் என்ன?
— வாசகர் ஒருவர், மாங்குளம்

பதில்: வெள்ளைப் பசையில் உள்ள நீரை மரம் உறிஞ்சும்போதுதான் அது பிடிக்கிறது, மரத்தோடு மரத்தை ஒட்டுவதற்கு அதற்கு நிகரில்லை என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நைலோன் மரத்தைப்போல அந்த நீரை உறிஞ்சாது. எப்பொக்சியும் நைலோனில் அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஆகையால் பிணைச்சலின் இதழ்களைச் சாண்ட்பேப்பரால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, ஏற்கெனவே துளைகள் இல்லாவிட்டால் இரண்டு மூன்று சிறு துளைகள் இட்டு, சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிடுங்கள். துளைகளுக்குள் புகுந்து இறுகும் எப்பொக்சி ஆணிபோல நின்று பிடிக்கும். மேலும் உறுதி வேண்டுமானால், பசை இறுகியபின் மரத்தையும் இதழையும் ஊடுருவித் துளைத்து, மூங்கில் ஆப்பொன்றைப் பசையுடன் இறக்கிச் சமனாக வெட்டிவிடலாம். அது உங்கள் கைக்குப் பழகிய வேலைதானே.

ஐந்து நிமிடம் என்று உறையில் எழுதியிருப்பது ஏறத்தாழ 25 பாகை வெப்பத்துக்கு உரிய கணக்கு. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் அது பாதியாகக் குறைந்துவிடும். முப்பது நிமிட வகையை வாங்குங்கள். கிடைக்காவிட்டால், மெதுவாக இறுகும் வழமையான அரல்டைற்றைப் பூசி ஓர் இரவு அசையாமல் விட்டுவிடுங்கள். காலை வேளையில், இரண்டு பிணைச்சல்களுக்குப் போதுமானதை மட்டும் குழையுங்கள். குழைத்ததைக் குவியலாக விட்டால் தன் வெப்பத்தாலேயே விரைந்து இறுகும் என்பதால், ஓட்டுத்துண்டொன்றில் மெல்லிதாகப் பரப்பி வையுங்கள்.

அசையாமற் போனதற்குக் காரணம், ஊசி கோத்து மடியும் கணுவுக்குள் பசை புகுந்ததே. பூட்டுமுன் கணுவில் மட்டும் ஈர்க்கு நுனியால் வஸ்லின் தடவுங்கள். இதழில் ஒரு துளி பட்டாலும் அவ்விடத்தில் பசை பிடிக்காது, ஆகவே நிதானம் வேண்டும். பசையைப் பிணைச்சலில் பூசுவதிலும் பிளவுக்குள் ஈர்க்கால் தள்ளி விடுவதே சிறந்தது. வழிந்ததை உடனே ஸ்பிரிட்டால் துடைத்து, அரை இறுக்கமாக இருக்கும்போதே எயிலரனை மேலும் கீழுமாகச் சில தடவை அசைத்துவிடுங்கள். எல்லாக் கணுக்களும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: ரெஜிபோமில் சிறிய கிளைடர் செய்கிறேன். சுப்பர் குளூ விட்டதும் குழி விழுந்துவிட்டது. என்ன செய்யலாம்?
— மாணவி, முல்லைத்தீவு

பதில்: மகளே, சாதாரண சுப்பர் குளூ ரெஜிபோமைக் கரைத்துவிடும். உங்கள் கிளைடருக்குப் பசையே தேவையில்லை. அசையும் பலகையின் முன்விளிம்பைச் சரிவாகச் சீவி, மேற்புறம் முழு நீளத்துக்கும் தெளிவான செலோரேப் ஒட்டுங்கள். பின்னர் பலகையை மேல்நோக்கி முழுவதும் மடித்து, அடிப்புறத்திலும் குறுகிய துண்டுகளை மடிப்புக்குள் ஒட்டுங்கள். ஒட்டுமுன் போமைத் துடைத்துப் புழுதி நீக்க வேண்டும். செம்மண் தூசி படிந்த போமில் எந்த ரேப்பும் ஒரு நாளுக்கு மேல் நிற்காது. வெயிலில் நிறுத்திவைத்தால் ரேப்பின் பசை இளகும் என்பதால், பறப்புகளுக்கு இடையில் கிளைடரை நிழலில் வையுங்கள்.