நொய்கோம் கையொப்பமிட்ட இசைத்தாள்: அவர் கைப்பட எழுதியதுதானா?

கையொப்பம் இருந்தாலே அந்த இசைத்தாளை இசையமைப்பாளர் சிகிஸ்முண்ட் நொய்கோம் தம் கைப்பட எழுதினார் என்று கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொள்ள முடியாது, ஏனெனில் படியெடுப்பவர் எழுதிய தாளிலும் இசையமைப்பாளர் கையொப்பமிடுவது உண்டு. 1778இல் சால்ஸ்பர்க்கில் பிறந்து, புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஹைடனிடம் பயின்று, செயிண்ட் பீட்டர்ஸ்பர்க், பாரிஸ் என்று சுற்றி, 1816 முதல் 1821 வரை ரியோ டி ஜெனிரோவில் வாழ்ந்த இவரை இன்று இசை பயின்றவர்களிலேயே பலர் அறியார் (அநியாயமான மறதி என்பேன்). ஆனால் தம் படைப்புகளைத் தாமே பட்டியலிட்டு வைத்த ஒழுங்குக்காரர் என்பதால், தாளில் உள்ள தலைப்பையும் தேதியையும் முதலில் அந்தப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பிறகு தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நீர்க்குறியையும் (தாள் செய்யும்போதே அதில் பதியும் மங்கலான அடையாளம்), சுரக்குறிகளும் கையொப்பமும் ஒரே மையில் உள்ளனவா என்பதையும் பாருங்கள். எழுதும்போதே மனம் மாறி அடித்துத் திருத்திய இடங்கள் தென்பட்டால், கையொப்பத்தைவிட அவையே வலுவான சான்று.